மாமா கலியாணத்துக்கு வரவில்லை என்பதற்கான சான்று

கிளெமென்ற் கலியாணம் செய்து ஏழு மாதம் கழிந்த பிறகுதான், தனக்கு மனைவி இருக்கிறாளா என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று அறிந்துகொண்டான்.

அவனுக்குத் தெரிந்தவரை இருந்தாள். பெயர் நிலூஜா. மன்னாரில் பேசாலைக் கத்தோலிக்கக் கோயிலில், 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் பதின்மூன்றாம் திகதி, சாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்த தாலியை அவன் தன் கையாலேயே அவள் கழுத்தில் கட்டினான். முந்நூறு பேர் பார்த்தார்கள். பிறகு மூன்று கிழமை அவளோடு இருந்துவிட்டு, லீவு முடிந்து ஒஸ்லோவுக்குத் திரும்பினான். ஆனால் வந்த கடிதத்தில் அவள் ‘உங்கள் மனைவி எனக் குறிப்பிடப்படும் நபர்’ என்றுதான் இருந்தாள். அந்த நபரை நோர்வேக்கு அழைக்க அவனுடைய வருமானம் போதாது என்றும், நேரில் வரும்படியும் எழுதியிருந்தார்கள்.

எழுதியது எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி அதன் மரியாதையைக் கெடுப்பானேன். மனைவியைக் கூப்பிடக் காத்திருக்கும் தமிழர்கள் அதைக் கந்தோர் என்று மட்டும் சொல்வார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். கோயிலுக்குள்கூட அவ்வளவு தாழ்த்துவதில்லை.

கந்தோரில் நம்பர் எடுத்து இரண்டு மணி நேரம் இருந்த பின், சிசெல் என்ற அதிகாரி அவனைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நல்ல சிரிப்பு. கந்தோரில் எல்லோருக்கும் நல்ல சிரிப்பு இருந்தது. அதுதான் கிளெமென்றைக் கடைசிவரை குழப்பியது. ஊர்க் கந்தோரில் என்றால் முகத்தைப் பார்த்தவுடனேயே காரியம் நடக்காது என்று தெரிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம்.

“உங்களுடைய வேலை அறுபது சதவீதம்,” என்றார் சிசெல். வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிப்பதுதான் அந்த வேலை. “அறுபது சதவீத வேலை செய்கிறவரால் ஒரு முழு மனைவியைப் பராமரிக்க முடியாது. இது எங்கள் அபிப்பிராயம் அல்ல. ஒழுங்குவிதி.”

“அவள் அதிகம் சாப்பிடமாட்டாள்,” என்றான் கிளெமென்ற், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்.

சிசெல் அதைக் குறித்துக்கொண்டார்.

“நிலையான முழுநேர வேலையில் இருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு உண்டா? அவரைக் கூட்டுப் பொறுப்பாளராகச் சேர்க்கலாம். உங்கள் வருமானத்தில் உள்ள குறையை அவருடைய வருமானம் நிரப்பும்.”

கிளெமென்றுக்கு நோர்வேயில் ஒரே ஓர் உறவினர்தான். அம்மாவின் தம்பி, யேசுரட்ணம் மாமா.

யேசுரட்ணம் எண்பத்தேழில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் பக்டரியில் கை விறைக்க நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, பொதிகள் தரம் பிரிக்கும் இடமொன்றில் நிரந்தர வேலை எடுத்தவர். கலியாணம் கட்டாதவர். ஏன் கட்டவில்லை என்று கேட்கக்கூடிய ஆட்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். ஸ்டோவ்னரில் ஏழாம் மாடியில் ஓர் அறையும் குசினியும் ஹோலுமாக வீடு. கிளெமென்ற் ட்வெய்ட்டாவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தான். அவன் யன்னலால் பார்த்தால் போகிற வருகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். இரண்டு பேருக்கும் இடையே அரை மணி நேரப் பயணம். ஆனாலும் அவன் மாமாவிடம் போவது வருடத்தில் ஒருமுறை, நத்தாருக்கு நத்தார்தான். அதற்கு அவனிடம் ஒரு காரணமும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் அவன் வந்து கதவைத் தட்டியபோது மாமா கொஞ்சம் பயந்துபோனார்.

“ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?”

“இல்லை மாமா. சும்மா வந்தனான்.”

குசினியில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றின்மேல் விளம்பரத் தாள்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. மாமா அவற்றை அள்ளிக் கீழே வைத்துவிட்டு, கதிரையைச் சாரத்தால் துடைத்தார். தேத்தண்ணி வந்தது. கிளெமென்ற் விசயத்தைச் சொன்னான். மாமா கண்ணாடியைக்கூடத் தேடாமல் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

“வாசிச்சுப் பாருங்கோ மாமா. நாளைக்கு நிலூஜாவுக்கு ஏதுமெண்டால் நீங்களும் பொறுப்பு எண்டு கிடக்கு.”

“அதுக்குத்தானே மாமன் எண்டு ஒருத்தன். இரடா, மீன் பொரிக்கிறன். சாப்பிட்டிட்டுப் போ.”

வேலை இருக்கிறது என்று சொல்லி அவன் சாப்பிடாமல் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு வேலை இருக்கவில்லை.

கூட்டுப் பொறுப்பாளரிடம் கந்தோர் கேட்டவை: மூன்று வருடச் சம்பளத் துண்டுகள், வரிப் பத்திரம், வீட்டு உறுதி, கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும், வெறும் பக்கங்கள் உட்பட. கூடவே கிளெமென்றுக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. ‘மனைவி எனக் குறிப்பிடப்படும் நபரின் உணவைக் குறைக்கும் எண்ணம் தங்களிடம் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. எழுத்துமூல விளக்கம் தரவும்.’ விளக்கம் எழுத அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. அவளுக்கு நிறையச் சாப்பாடு போடுவேன் என்று நான்கு பக்கம் எழுதினான். அதற்கு, விளக்கம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது.

ஆனியில் இருவரையும் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கலியாண ஆல்பத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னாரில் ஸ்ரூடியோ வைத்திருந்த சோதிலிங்கம் கொழும்பில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்தவர். படித்ததை வீணாக்கும் மனிதர் அல்ல. மாப்பிள்ளை நோர்வே என்றதால் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் பனி மலை ஒன்றின் உச்சியில் நிறுத்தியிருந்தார். நிலூஜா தலையில் முக்காட்டோடும் காலில் வெள்ளைச் செருப்போடும் நின்றாள். அடுத்த பக்கத்தில் இருவரும் ஒரு நீர்வீழ்ச்சிக்குள்ளே நனையாமல் நின்றார்கள். அதற்கடுத்தது மண்டபத்தில் எடுத்த குடும்பப் படம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்மாமன் நிற்காத குடும்பப் படம் ஒரு குடும்பப் படமா? ஆகவே மாமாவின் பழைய படமொன்றை வாங்கி வெட்டி, சோதிலிங்கம் மாப்பிள்ளையின் வலப்பக்கம் ஒட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அவர் வேலையே அதுதான். அரைவாசிச் சனம் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, ஒட்டாமல் எந்தக் கலியாணத்தை முடிப்பது? பார்க்கிறவர்களும் ஒட்டியது என்று தெரிந்துகொண்டே, “மாமா வடிவா நிக்கிறார்” என்பார்கள். அது ஒரு மரியாதை.

இந்த மரியாதை கந்தோருக்கு எட்டியிருக்கவில்லை.

சிசெலோடு அன்று பிரிவுத் தலைவர் ஆர்விட்டும் இருந்தார். பனிமலைப் படத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பெண் எந்த விசாவில் இந்த மலைக்கு வந்தார்?”

ஸ்ரூடியோக்காரர் செய்த வேலை என்று கிளெமென்ற் சொன்னான். இரண்டு அதிகாரிகளும் வெளியே போய் ஆலோசித்துவிட்டு வந்தார்கள். “பனியில் கால்தடம் இல்லை,” என்று அறிவித்தார் ஆர்விட். “ஆகவே விளக்கத்தை ஏற்கிறோம்.” பிறகு பக்கத்தைப் புரட்டி, குடும்பப் படத்தில் விரலை வைத்தார்.

“இது கூட்டுப் பொறுப்பாளர் அல்லவா?”

“ஓம், நான்தான்,” என்றார் மாமா. தன்னை இந்த ஆல்பத்தில் அவர் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். முகம் மலர்ந்துவிட்டது. “வடிவா ஒட்டியிருக்கிறான்,” என்று கிளெமென்றின் காதுக்குள் சொன்னார்.

ஆர்விட் கோப்பைத் திறந்தார். “2005 ஓகஸ்டில் நீங்கள் முதுகு நோவுக்காகச் சம்பளத்துடன் சுகவீன லீவில் இருந்திருக்கிறீர்கள். அந்த லீவில் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. நீங்களோ மன்னாரில் நிற்கிறீர்கள்.”

“நான் போகேல்லை. அது ஒட்டினது. அந்தப் படம் தொண்ணூற்று நாலிலை எடுத்தது. பாருங்கோ, குளிர் ஜக்கற்றோடை நிக்கிறன்.”

“மன்னாரில் குளிராது என்பதற்கு உங்களிடம் ஆவணம் இருக்கிறதா?”

“இதிலை நான் இளமையாயெல்லோ இருக்கிறன்.”

“மகிழ்ச்சியான வைபவங்களில் மனிதர்கள் இளமையாகத் தோன்றுவது இயல்பு,” என்றார் சிசெல், சிரித்தபடி.

மலையில் கால்தடம் இல்லாததை ஏற்றீர்களே என்று கிளெமென்ற் கேட்டான். மண்டபத்தின் தரை சீமெந்து, சீமெந்தில் எவருக்கும் கால்தடம் விழாது என்று பதில் வந்தது. பிறகு ஆர்விட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு பேசினார்.

“நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் யாரையும் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் மனிதரைப் புண்படுத்தும். நாங்கள் நம்பாமல் மட்டும் இருக்கிறோம். இந்த நாட்டில் எல்லோரும் சமம், எல்லோரையும் சமமாக நம்பாமல் இருக்கிறோம். குடும்பம் என்பது சமூகத்தின் அத்திவாரம். அதனால்தான் ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதற்கு முன் அதைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்கிறோம். சில குடும்பங்களை ஐந்து வருடம்கூட ஆராய்ந்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே பிரிந்துவிட்டன. அப்படியானால் எங்கள் அவதானம் சரியாகத்தானே இருந்திருக்கிறது?”

முடிவு எளிமையானது. ஓகஸ்ட் எட்டு முதல் இருபத்தொன்று வரை தான் ஸ்டோவ்னரில் இருந்ததை மாமா நிரூபிக்கவேண்டும். நிரூபித்தால் விண்ணப்பம் தொடரும். இல்லையென்றால் கூட்டுப் பொறுப்பாளர் பொய்யர், விண்ணப்பம் விழும், நிலூஜா பேசாலையிலேயே இருப்பாள். பேசாலையில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. இரவில் கடற்கரைப் பக்கம் சத்தம் கேட்கிறது, கோயிலுக்குள் போய்ப் படுக்கிறோம் என்று அவள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதைக் கிளெமென்ற் எடுத்துச் சொன்னபோது, பாதுகாப்பு நிலைமைக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார் சிசெல். வருத்தத்தோடுதான் சொன்னார்.

“அந்த இரண்டு கிழமையில் உங்களைப் பார்த்தவர் யார்?” என்று கடைசியாகக் கேட்டார்.

மாமா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டு போனது.

கோடை முழுவதும் மாமனும் மருமகனும் அந்த இரண்டு கிழமையைத் தேடினார்கள். கடவுச்சீட்டில் முத்திரை இல்லை. முத்திரை இல்லாதது, முத்திரை குத்தப்படவில்லை என்பதற்கு மட்டுமே சான்று என்று கந்தோர் எழுதியது. வங்கி அட்டையால் ஸ்டோவ்னர் கடையில் பாணும் பாலும் வாங்கிய கணக்கைக் கொடுத்தார்கள். அட்டை நோர்வேயில் இருந்தது ஏற்கப்படுகிறது, அட்டையின் சொந்தக்காரர் எங்கே இருந்தார் என்று அறியத் தரவும் என்று பதில் வந்தது. வைத்தியரைக் கண்டது ஐந்தாம் திகதியும் இருபத்துநாலாம் திகதியும். தமிழ்ப் பூசைக்கு முதுகு நோவால் போகவில்லை. போகாததை யாரும் கவனிக்கவும் இல்லை. மாடிவீட்டுக்காரர்கள் நிலவறையில் உடுப்புத் தோய்க்க முறை எழுதும் கொப்பியில், பதினேழாம் திகதி மாமாவின் பெயர் இருந்தது. இரண்டு பேரும் சந்தோசப்பட்டார்கள். பிறகுதான் பார்த்தார்கள், பெயருக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால், ‘ஆள் வரவில்லை, நான் தோய்த்தேன்’ என்று எழுதியிருந்தார்கள்.

“குனிய ஏலாமல் இருந்தது. கூடையைத் தூக்கேல்லை,” என்றார் மாமா, குற்றம் செய்தவரைப் போல.

மிச்சம் இருந்தது எதிர்வீட்டு ஹால்வோர். ஓய்வுபெற்ற மனிதர். கதவைச் சங்கிலியோடு திறந்து, விசயத்தைக் கேட்டு, உதவி செய்வதாகச் சொல்லி, அப்போதே எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். ‘ஒன்பது வருடமாக இந்த வாசலுக்கு எதிரே வசிக்கிறேன். மேற்படி நபரை இந்தக் காலப்பகுதியிலோ வேறு காலப்பகுதியிலோ கண்ட நினைவு எனக்கு இல்லை. மிக நல்ல அயலவர்.’ கந்தோர் இதைக் கோப்பில் சேர்த்து, கூட்டுப் பொறுப்பாளர் ஒன்பது வருடமாக நாட்டில் இல்லாதிருந்திருக்கலாம் என்று விசாரணையை விரிவாக்கியது.

மாமா கடிதத்தை மடித்து வைத்தார். குசினி யன்னலால் கீழே பார்த்தார்.

“கிளெமென்ற், இவங்கள் கேக்கிறதிலையும் ஒரு ஞாயம் இருக்கடா. நான் இஞ்சை இருந்தனான் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அந்த இரண்டு கிழமையும் தான் ஊரில் இருந்து மாமாவுக்கு ஒரு தடவைகூடப் போன் எடுக்கவில்லை என்பது கிளெமென்றுக்கு ஞாபகம் வந்தது. கலியாண நாளில் மாமாதான் எடுத்தார். எடுத்தார்! மண்டபத்தில் லூக்காஸ், நிலூஜாவின் தம்பி, போனை மைக்கில் பிடிக்க, மாமா வாழ்த்துச் சொன்னது அவனுக்கு இப்போது நினைவில் வந்தது. அது வீடியோவில் இருக்கும். வீடியோ மூன்று மணி நேரம். மாப்பிள்ளை உட்பட எவரும் அதைக் கேக் வெட்டுவதற்கு அப்பால் பார்த்தது கிடையாது.

கார்த்திகையில் கந்தோரின் ஓர் அறையில் வீடியோவைப் போட்டார்கள். சிசெல், மாமா, கிளெமென்ற், ஒரு மொழிபெயர்ப்பாளர். சாமியார், தாலி, மேளம், மண்டபம், கேக். பிறகு லூக்காஸ் மைக்கில், “மாப்பிள்ளையின்ரை மாமா நோர்வேயிலை இருந்து கதைக்கிறார்” என்றான். மாமாவின் குரல் கரகரவென்று வந்தது.

“பிள்ளையள், நல்லா இருங்கோ. மாமாவுக்கு வரேலாமல் போச்சு. தனியத்தான் நிக்கிறன், வேறை கரைச்சல் ஒண்டும் இல்லை. ரெலிபோன் காட்டிலை நிறைய நேரம் கிடக்கு. போனை வைச்சிடாதையுங்கோ, சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். லூக்காஸ் போனை மைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாடு பரிமாறப் போனான். கமராவும் சாப்பாட்டுப் பக்கம் போனது. சத்தம் மட்டும் மேசையில் நின்றது. பாட்டு ஒன்று முடிந்து மற்றப் பாட்டு தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியில் மாமாவின் குரல் கேட்டது.

“ஹலோ?”

மொழிபெயர்ப்பாளர் எழுதினார்: ஹலோ. பதில் இல்லை.

அடுத்த பாட்டு. சிரிப்பு. பாத்திரச் சத்தம். “ஹலோ? லூக்காஸ்?” பதில் இல்லை. அதற்கடுத்த பாட்டு. “சோறு போட்டிட்டினம் போலை.” அது யாரிடமும் சொன்னதல்ல. இப்படி இருபத்திரண்டு நிமிடம் போனது. திரையில் கிளெமென்ற் நிலூஜாவுக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தான். மேசையில் போன் கிடந்தது அவன் கண்ணில் பட்டிருக்கவேண்டும். இரண்டு அடி தூரம்தான்.

நான்காவது ‘ஹலோ’வில் சிசெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு திடீரென்று நிமிர்ந்தார். போனுக்குள் எங்கோ பின்னால் ஒரு வானொலி, நோர்வேஜிய மொழியில், காலை ஏழு மணிச் செய்தி. ஒஸ்லோவில் மழை என்றது.

“அன்று மழைதான்,” என்றார் சிசெல். “என் மகளின் பிறந்தநாள்.” நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மாமா குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளெமென்ற் அவர் பக்கம் திரும்பியபோது மெல்லச் சொன்னார்: “மலிவு ரெலிபோன் காட்டு. ஒரு பக்கம் கேக்காது. அதுதான் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை.”

மாசியில் தீர்ப்பு வந்தது. மாமா கண்ணாடி போட்டு, சத்தமாக வாசித்தார். குறித்த காலத்தில் கூட்டுப் பொறுப்பாளர் ஸ்டோவ்னரில் தனியாக இருந்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. அவரை எவரும் காணவில்லை என்பதும், அவருடைய அழைப்புக்கு எவரும் பதிலளிக்கவில்லை என்பதும் அதே ஆதாரங்களால் நிரூபணமாகின்றன. ஆகவே அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே நெருங்கிய உறவு இருப்பதாகக் கருத முடியாது. கூட்டுப் பொறுப்பாளர் நிராகரிக்கப்படுகிறார். இருவரும் ஆறு மாதம் ஒரே வீட்டில் வசித்து உறவை நிறுவினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

“கந்தோர் பிழையாச் சொல்லேல்லை,” என்றான் கிளெமென்ற். அழுதுவிட்டான். மாமா அதைக் காணாதவர்போல எழுந்து, விளம்பரத் தாள்களைக் கட்டாகக் கட்டி, ஏழு மாடி இறங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை கிளெமென்ற் ட்வெய்ட்டா அறையைக் காலி செய்துகொண்டு இரண்டு பெட்டியோடு ஸ்டோவ்னருக்கு வந்தான். மாமா ஹோலில் அவனுக்குக் கட்டில் போட்டிருந்தார். அறைக்கதவில் துவாய் தொங்க ஒரு கொளுக்கி புதிதாக அடித்திருந்தார். பேசாத மனிதர் என்று அவன் நினைத்திருந்தவர் பேசத் தொடங்கினார். காலையில் இரண்டு கோப்பையை வைத்துவிட்டுப் பேசுவார், சவரம் செய்துகொண்டு பேசுவார், அவன் வேலைக்குப் போக லிப்ட்டுக்கு நிற்கையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவார். வடக்கே மீன் பக்டரியில் இரண்டு மாதம் சூரியனைக் காணாமல் இருந்தது, சூரியன் திரும்பிய நாள் எல்லோரும் வேலையை விட்டு வெளியே ஓடியது. இருபது வருடக் கதை. ஒருவருக்கும் சொல்லப்படாமல் அப்படியே பழுதாகாமல் இருந்தது.

உறவை நிறுவ ஓர் இயல்பான அன்றாடப் படம் வேண்டுமென்று கந்தோர் கேட்டது. ஹால்வோரைக் கூப்பிட்டுக் குசினியில் படம் எடுக்கச் சொன்னார்கள். “உங்களைச் சந்தித்தது மகிழ்ச்சி,” என்று மாமாவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார் அவர். படத்தின் ஒரு பிரதி கந்தோருக்கும், ஒரு பிரதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம், நிலூஜாவுக்கும் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. பெரிதாக்கி, பிறேம் போட்டு. குசினி மேசையில் மாமா ஒரு பக்கம், கிளெமென்ற் மறுபக்கம், நடுவில் கூறைச் சேலையோடு நிலூஜா. அவளுடைய முழங்கை மீன்குழம்புச் சட்டிக்குள் கொஞ்சம் போயிருந்தது. இருவரையும்விட அவள் சற்றுப் பெரிதாக இருந்தாள். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் சோதிலிங்கம் ஸ்ரூடியோவைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். அவரும் குடும்பங்களை இணைக்கிறவர்தான். கடவுச்சீட்டின் வெறும் பக்கங்களை அவர் கேட்பதில்லை. படத்தின் பின்னால் நிலூஜா எழுதியிருந்தாள்: ‘மாமா, எனக்கு ஒரு கதிரை வாங்கி வையுங்கோ.’

மாமா அன்றைக்கே கடைக்குப் போய் மூன்றாவது கதிரையை வாங்கிவந்தார். குசினிச் சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். காலையில் மூன்றாவது கோப்பையை வைக்கக் கை போய், பிறகு தன்னைத் தானே ஏசிக்கொள்வார்.

புரட்டாதியில் கந்தோர் வீடு பார்க்க வந்தது. வந்தவர்கள் சிசெலும் ஆர்விட்டும். முதல் ஒட்டின படத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனதை நினைத்து, மாமாவும் மருமகனும் இந்தப் படத்தை முன்கூட்டியே கழற்றி, போர்வைக்குள் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். ஆணியைப் பிடுங்க மறந்துபோனார்கள்.

ஆர்விட் பல்லுத் தூரிகைகளை எண்ணினார். மாமாவிடம் கிளெமென்றின் சப்பாத்து அளவைக் கேட்டார். பின்னர் குசினிச் சுவருக்கு முன்னால் நின்றார்.

“இந்த ஆணியில் என்ன மாட்டியிருந்தீர்கள்?”

மாமா ஆணியைப் பார்த்தார். “ஒண்டும் இல்லை,” என்றார். அந்த விண்ணப்பத்தில் ஒன்றரை வருடமாக அவர் சொன்னதெல்லாம் உண்மை. முதல் பொய் இதுதான். ஆர்விட் தலையசைத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினார். ஆவணம் கேட்காமல் கந்தோர் ஏற்றுக்கொண்டதும் அது ஒன்றுதான்.

தையில் அனுமதி வந்தது. மாசியில் நிலூஜா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கும் திடுக்கிட்டாள். மாமா விமான நிலையத்துக்கு அந்தப் பழைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அவளுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. அவளுக்கு உடனே தெரிந்தது. அன்று பகல் ஸ்டோவ்னர் குசினியில் மூன்று பேரும் மூன்று கதிரையில் இருந்து மீன்குழம்பு சாப்பிட்டார்கள். கிளெமென்றின் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சாப்பாடு அதற்கு முன்னும் பின்னும் கிடையாது.

அனுமதிக் கடிதத்துக்கு இரண்டாவது பக்கமும் இருந்தது. மேற்படி வீடு இரண்டு நபர்களுக்குப் போதுமானதாகவே பதிவாகியுள்ளது. மூன்றாவது நபர் வந்து முப்பது நாளுக்குள் தம்பதியர் தனி வீடு எடுக்கவேண்டும். தவறினால் அனுமதி மீளாய்வுக்கு உட்படும்.

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. இருபத்தொன்பதாம் நாள் பெட்டிகளை இறக்கினார்கள். மாமாதான் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது கதிரையையும் கொண்டுபோகச் சொன்னார். நிலூஜா மாட்டேன் என்றாள்.

“அது என்ரை கதிரை மாமா. இஞ்சைதான் இருக்கவேணும். ஞாயிறு ஞாயிறு வந்து இருப்பன்.”

“ஓம், ஓம். வாங்கோ.”

அவர்கள் லிப்ட்டுக்கு நிற்கும்போது மாமா வழக்கம்போலக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பேசத்தான் இல்லை. உள்ளே குசினிச் சுவரில் அந்தப் படம் திரும்ப ஆணிக்கு வந்திருந்தது. கிளெமென்றால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தான்.

“மாமா, தனியாய் இருப்பியளோ?”

“உங்கை பார், லிப்ட் வந்திட்டுது,” என்றார் மாமா. “நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ பிள்ளையள். நாங்கள் மூண்டு பேரும் இஞ்சை இருக்கிறம்.”